தனியா ஊர் சுத்தி போட்டோ எடுக்கறதப் பத்தி எல்லாரும் என்கிட்ட கேக்குற கேள்விங்க

திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில 17 வருஷம் அக்கவுண்ட்ஸ் பாத்தேன். 43 வயசுல அத விட்டுட்டு ஒரு பழைய கேமராவும் முதுகுப்பையுமா கெளம்புனேன், இப்ப நாலு வருஷம் ஆச்சு. மலை, கடல், பொட்டக்காடு, இதத்தான் எடுக்கறேன், மனுசங்கள எடுக்கறது ரொம்பக் கம்மி. கல்யாண வீட்ல, பஸ்ல பக்கத்து சீட்ல, டீக்கடையில எங்க போனாலும் அதே பதினேழு கேள்விதான் வருது, அதான் ஒரேயடியா எழுதி வச்சுட்டேன்.

வேலைய முழுசா விட்டுட்டீங்களா? சோத்துக்கு என்ன வழி?

முழுசா விடல. இதச் சொன்னா நிறைய பேருக்கு ஏமாத்தமா இருக்கு, "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு கெளம்பிட்டேன்"னு சொல்வேன்னு எதிர்பாக்கறாங்க. எட்டு சின்ன யூனிட்டுக்கு நான்தான் ஜிஎஸ்டி ஃபைல் பண்றேன். ஜிஎஸ்டிஆர்-1ங்கற விற்பனைக் கணக்கு ரிட்டர்ன் மாசம் 11ஆம் தேதி, 3பிங்கற வரி கட்டற ரிட்டர்ன் 20ஆம் தேதி, இந்த ரெண்டு தேதிக்கு நடுவுல நான் திருப்பூர விட்டு நகரவே முடியாது. 21ல இருந்து அடுத்த மாசம் 7, 8 வரைக்கும் நான் ராணி. அந்த பதினேழு நாள்ல ஒரு ட்ரிப்பு, சில மாசம் ரெண்டு.

கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு வருஷ வீட்டுச் செலவு பேங்க்ல தனியா இருந்துச்சு, மெடிக்கல் இன்சூரன்ஸ் எனக்கும் அம்மாவுக்கும் இருந்துச்சு, கடன் எதுவும் இல்ல. இந்த மூணும் இல்லாம வேலைய விடாதீங்க. ஈஎம்ஐல கேமரா வாங்கிட்டு வேலைய விட்ட ஒரு தம்பிய எனக்குத் தெரியும், ஆறு மாசத்துல கேமராவும் போச்சு, ஆசையும் போச்சு.

வீட்ல எப்படி ஒத்துக்கிட்டாங்க?

ஒத்துக்கல. பழகிட்டாங்க. கல்யாணம் ஏன் பண்ணலங்கற கேள்விக்கு இதவிட நீளமா தனியா எழுதணும், இங்க வேணாம்.

ஆரம்பிக்கறவங்க முதல்ல எங்க போகணும்? லடாக் போலாமா?

போங்க, ஆனா முதல்ல போகாதீங்க. நான் பண்ண தப்பச் சொல்றேன். முதல் ட்ரிப்லயே 9 நாள்ல 11 இடம்னு பேப்பர்ல போட்டு வச்சு, கன்னியாகுமரி, மணப்பாடு, திருச்செந்தூர் பக்கம் தேரிக்காடு, தனுஷ்கோடின்னு கடலோரமா ஓடோடிப் போய் 2,300 போட்டோ எடுத்தேன். வீட்டுக்கு வந்து பாத்தா தேறுனது மூணு, அந்த மூணும் போற வழியில பஸ் ஜன்னல்ல எடுத்தது.

தேரிக்காடு போட்டோல பாத்திருப்பீங்க, தூத்துக்குடி மாவட்டத்துல செக்கச்செவேல்னு மணல் மேடு மேடா கெடக்குமே, மண்ணுல இருக்கற இரும்புதான் அந்த நெறத்துக்குக் காரணம். முதல் தடவ நான் போய்ச் சேந்தது காலைல 10 மணி. வெயில் உச்சந்தலைக்கு ஏறிட்டுச்சு, மேடு பள்ளமே தெரியல, கேமரால பாத்தா செங்கல் சூளை வாசல் மாதிரி தட்டையா இருக்கு. ரெண்டாவது தடவ ராத்திரியே திருச்செந்தூர் வந்து தங்கி, விடியறதுக்கு முன்னாடி ஆட்டோ புடிச்சு தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில் பக்கம் எறங்கி உள்ள நடந்தேன். ஆர்வத்துல நடு மேட்டு மேலயே ஏறி அந்தப் பக்கம் போய் திரும்பிப் பாத்தா, நான் எடுக்க நெனச்ச இடம் பூரா என் செருப்புத் தடம். மணல்ல கால் வச்சா அழிக்க முடியாது, காத்துதான் அழிக்கணும், அதுக்கு ஒரு ராத்திரி வேணும். பனையேற வந்த ஒரு அண்ணாச்சி நின்னு பாத்துட்டு "வெறும் மண்ணப் போயி எதுக்குத் தாயி படம் புடிக்கிய"ன்னு கேட்டாரு, பதில் சொல்லத் தெரியல, சிரிச்சேன், ஒரு பட்டையில பதநீ ஊத்திக் குடுத்தாரு.

மூணாவது தடவ ஜூலைல போனேன். ராத்திரி பூரா காத்து அடிச்சுருந்துச்சு, மேடு மொத்தமும் புதுசா கோலமாவு சலிச்சு விட்ட மாதிரி, வரி வரியா அலை. இந்தத் தடவ ஓரமாவே நடந்தேன், மேட்டுல ஏறவே இல்ல. சூரியன் வந்து முதல் பத்து நிமிஷம் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் செவப்பு, ஒரு பக்கம் கருப்பு, அதுக்குக் குறுக்க ஒத்தப் பனையோட நெழல் நீட்டமா விழுந்து கெடக்குது. லென்ஸ 200 எம்எம் வரைக்கும் ஜூம் பண்ணி நாலே நாலு போட்டோ. அதுல ஒண்ணுதான் எங்க வீட்டு ஹால்ல மாட்டியிருக்கறது.

அதனால என் கணக்கு இதுதான்: வீட்ல இருந்து மூணு மணி நேரத்துக்குள்ள பஸ்ல போற மாதிரி ஒரு இடம் புடிங்க, ஒரு வருஷம் அதுக்கே போங்க. எனக்கு அது உடுமலைப் பக்கம் காத்தாடிக் காடு, கரன்ட் எடுக்கற காத்தாலைங்க நிக்கற எடம். பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து காத்து வர்ற பாதை, ஆனி ஆடில காத்தாடி எல்லாம் பேய் புடிச்ச மாதிரி சுத்தும், பின்னாடி ஆனைமலை. நாப்பது தடவைக்கு மேல போயிருப்பேன். எந்த மாசம் எந்த மேட்டுக்குப் பின்னாடி சூரியன் எறங்கும்னு இப்ப கண்ண மூடிட்டு சொல்வேன், அது தெரிஞ்சாதான் போட்டோ, இல்லாட்டி லாட்டரி.

என்ன கேமரா வாங்கலாம்? பட்ஜெட் சொல்லுங்க

என்னோடது கேனான் 200டி, பழசு, கூட வந்த 18-55 லென்ஸோட 28,000 ரூபாய்க்கு வாங்குனேன். அப்புறம் அகலமா எடுக்கற வைடு லென்ஸ் 10-18 ஒண்ணு, தூரத்துல இருக்கறத இழுக்கற 55-250 ஒண்ணு, ரெண்டும் பழசுதான். அவ்ளோதான் மொத்த சொத்து. மலை கடலெல்லாம் எங்கயும் ஓடிப் போகாது, அதுக்கு வேகமான ஃபோகஸ் தேவையில்ல. ஸ்டாண்டுல வச்சு, ஐஎஸ்ஓ (வெளிச்சத்த எவ்ளோ கூட்டிக் காட்டணுங்கற செட்டிங்) 100, லென்ஸ் ஓட்டை எஃப் 8ல எடுத்தா கேமரா கூட வந்த கிட் லென்ஸே ஊசி மாதிரி ஷார்ப்பா இருக்கும். எல்லாம் ஷார்ப்பா வரட்டும்னு எஃப் 22க்குத் திருப்பாதீங்க, அந்த ஓட்டை ரொம்ப சின்னதாயிட்டா வெளிச்சம் செதறி படம் மங்கிடும்.

லேண்ட்ஸ்கேப்னா வைடு லென்ஸ்தான்னு எல்லாரும் சொல்வாங்க, எனக்கு 55-250தான் சோறு போடுது. வால்பாறை ரோட்ல நின்னு தூரத்து மலைய இழுத்து எடுத்தா ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஏழெட்டு மடிப்பு, நீலம் கொறஞ்சுகிட்டே போகும். வைடுல எடுத்தா அதே மலை எறும்பு சைஸ்ல இருக்கும், பாதி படம் வெறும் வானம்.

பழசு வாங்கும்போது ஒண்ண மட்டும் மறக்காதீங்க, லென்ஸக் கழட்டி பின்பக்கத்துல இருந்து மொபைல் டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா அது ஃபங்கஸ், எவ்ளோ கம்மி வெலைன்னாலும் வேணாம்.

போன்லயே எடுத்தா ஆகாதா?

ஆகும். ஆறு மாசம் போன்ல எடுங்க, அப்பவும் காலைல 4 மணிக்கு எந்திரிக்கத் தோணுச்சுன்னா கேமரா வாங்குங்க.

ட்ரைபாட் தூக்கணுமா? வெயிட்டா இருக்கே

தூக்கணும். விடியக்காலை வெளிச்சத்துல ஷட்டர் தொறந்திருக்கற நேரம் கால் செகண்ட், அரை செகண்ட்னு போகும், கைல புடிச்சா கண்டிப்பா ஆடும். அதோட ஸ்டாண்ட விரிச்சு நிறுத்தற அந்த ரெண்டு நிமிஷத்துலதான் நாம ஒழுங்கா பாக்கவே ஆரம்பிக்கறோம். பட்டன அழுத்துற கையே ஆட்டம் குடுக்கும், அதனால 2 செகண்ட் டைமர் போடுங்க.

ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்போது 1 கிலோ ட்ரைபாட் எம்மாத்திரம். உடுமலைல ஒரு தடவ கேமராவோட சாஞ்சுது, என் அதிர்ஷ்டம் கீழ உழுத காடு. அதுக்கப்புறம் பைய நடுக்கம்பில கட்டித் தொங்க விடறேன், நடுக்கம்பிய மேல தூக்கவே மாட்டேன். கடல்ல எறக்குனா ராத்திரி ரூம்ல நல்ல தண்ணில கால் மூணையும் கழுவிருங்க, இல்லன்னா மணலும் உப்பும் சேந்து அடுத்த வாரம் திருக முடியாது.

எந்த நேரத்துல எடுத்தா நல்லா வரும்?

ஸ்கூல்ல அஞ்சு திணைக்கும் ஒரு பொழுது படிச்சோமே, மார்க்குக்காக மனப்பாடம் பண்ணமே, அது ஞாபகம் இருக்கா? மருதத்துக்கு வைகறை, முல்லைக்கு மாலை, நெய்தலுக்கு எற்பாடு, குறிஞ்சிக்கு யாமம், பாலைக்கு நண்பகல். அது காதலுக்காக எழுதுனது, கேமராவுக்கு இல்ல, ஆனா நான் அத வச்சு சுத்திப் பாத்தேன். வயலுக்கு வைகறை நூத்துக்கு நூறு சரி, தஞ்சாவூர்ப் பக்கம் நாத்து நட்ட வயல்ல தண்ணி நிக்கும்போது சூரியன் வர்றதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி வானம் பூரா கீழ கெடக்கும்.

நெய்தலுக்கு எற்பாடுங்கறதுதான் என்ன யோசிக்க வச்சுது. எற்பாடுன்னா பொழுது சாயற நேரம். நம்ம கிழக்குக் கடற்கரைல எல்லாரும் சூரிய உதயத்துக்கு ஓடறாங்க. சாயங்காலம் போய் நில்லுங்க, சூரியன் நம்ம முதுகுப் பக்கம், படகு மேலயும் அலை மேலயும் மஞ்ச வெளிச்சம் நேரா விழும், கூட்டமும் இருக்காது. பாலைக்கு நண்பகல்ங்கறதுக்கு தேரிக்காட்டுல நான் பட்டதே பதில், வெந்துட்டேன்.

ஆப் நிறைய இருக்கு, சூரியன் எந்த டிகிரில உதிக்கும்னு ஃபோட்டோபில்ஸ் காட்டும். அமாவாசை பௌர்ணமிக்கு எனக்கு எங்க வீட்டு தினசரி காலண்டரே போதும், வருஷம் பொறந்ததும் உக்காந்து பேனால வட்டம் போட்டுருவேன். அதுல சித்ரா பௌர்ணமிக்கு ரெட்டை வட்டம், கன்னியாகுமரில அன்னைக்கு சாயங்காலம் ஒரு பக்கம் சூரியன் எறங்கும், இன்னொரு பக்கம் நெலா ஏறும். மூணு வருஷம் போயிட்டேன், மூணு வருஷமும் மேகம்.

பொம்பள தனியா, பயமா இல்லையா?

இருக்கு. நாய்ங்கதான். சிரிக்காதீங்க, காலைல 4:30க்கு தெருவுல நடந்து பாருங்க. ட்ரைபாட மடக்கி கைல தடி மாதிரி புடிச்சுட்டுதான் நடப்பேன். ஓடக் கூடாது, நின்னு மெதுவா நகரணும். வெறிநாய்க்கடி தடுப்பூசிய முன்கூட்டியே போட்டுக்கலாம், டாக்டர்கிட்ட கேளுங்க. அப்பவும் கடிச்சா சோப்பு போட்டு ஓடற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரி போயிரணும்.

அடுத்தது யானை. வால்பாறைல எஸ்டேட் ரோடுங்கள்ல யானை பக்கத்துல இருந்தா எரியற மாதிரி செவப்பு லைட் கம்பத்துல வச்சிருக்காங்க, அது எரிஞ்சா நான் ரூம விட்டே வர மாட்டேன், எவ்ளோ நல்ல பனி விழுந்தாலும் சரி. டீக்கடைல முதல் டீ குடிக்கறவங்களுக்கு ராத்திரி எது எங்க வந்துச்சுன்னு தெரியும், அவங்கள கேக்காம எந்தப் பாதையிலயும் எறங்க மாட்டேன்.

மனுசங்க மூணாவதுதான். எங்க போறேன்னு அக்காவுக்கு லைவ் லொகேஷன் எப்பவும் ஓடும். தெரியாதவங்க "தனியாவா வந்தீங்க"ன்னு கேட்டா "டீமு பின்னாடி வந்துட்டு இருக்கு"ன்னு பொய் சொல்வேன், கூச்சமே இல்லாம. இருட்டுனதுக்கு அப்புறம் புது ஊர்ல போய் எறங்க மாட்டேன். மனசுக்கு ஒரு இடம் சரியில்லன்னு பட்டா, வானம் பத்திக்கிட்டு எரிஞ்சாலும் ஸ்டாண்ட மடக்கிருவேன்.

ரூம் குடுக்கறாங்களா?

இதுதான் ஒரிஜினல் தலைவலி. கோயில் ஊர்கள்ல தனி ஆளுக்கு, ஆம்பளைக்கும்தான், ரூம் குடுக்கத் தயங்குவாங்க, ஏதாவது தப்பான முடிவு எடுத்துருவாங்களோன்னு பயம். ஒரு ஊர்ல ராத்திரி 8:30க்கு, நான் போன்ல புக் பண்ண ரூம, ஆதார் அட்டைய கைல வாங்கிப் பாத்துட்டு "கூட யாரு?"ன்னு கேட்டு, யாரும் இல்லன்னதும் அட்டைய டேபிள் மேல தள்ளி விட்டாங்க. மூணு லாட்ஜ் ஏறி எறங்குனேன். நாலாவது லாட்ஜ்ல கவுண்டர்ல இருந்த அம்மா என் ட்ரைபாடப் பாத்துட்டு "கல்யாண போட்டோக்கு வந்தியாம்மா"ன்னு கேட்டாங்க, ஆமான்னு சொல்லிட்டேன், சாவி வந்துருச்சு.

இப்ப ரெண்டு நாள் முன்னாடியே போன் பண்ணி "தனியா வர்ற லேடி, போட்டோகிராபர், ஒரு நைட்டு"ன்னு தெளிவா சொல்லி ஓகே வாங்கி, அந்த ஆள் பேரையும் எழுதி வச்சுக்கறேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துலதான் எடுப்பேன். வியூ இருக்கற ரூமுக்கு காசு குடுக்காதீங்க, நல்ல வெளிச்சம் இருக்கற நேரத்துல நீங்க ரூம்ல இருக்க மாட்டீங்க.

பாத்ரூமுக்கு என்ன பண்ணுவீங்க?

பொண்ணுங்க மட்டும் கேக்கற கேள்வி, அதான் முக்கியமான கேள்வி. பெட்ரோல் பங்க், பெரிய ஹோட்டல், ரெண்டும் இல்லாத எடத்துக்கு நீளமான குர்த்தாவும் ஒரு குடையும். தண்ணி குடிக்காம மட்டும் இருக்காதீங்க, முதல் வருஷம் அப்படி இருந்து யூரின் இன்ஃபெக்ஷன் வந்து ஒரு வாரம் படுத்தேன்.

பர்மிஷன் எதுக்கெல்லாம் வேணும்?

காட்டுக்குள்ள வேணும், கண்டிப்பா வேணும். ரிசர்வ் ஃபாரஸ்ட்ல அனுமதி இல்லாம கால் வச்சா கேஸு. 2018 மார்ச்ல குரங்கணில ட்ரெக்கிங் போனவங்க காட்டுத் தீயில மாட்டுனதுக்கு அப்புறம் ரொம்ப ஸ்ட்ரிக்ட் ஆயிட்டாங்க, நியாயம்தான், அத்தன உசுரு போச்சு. 2024 அக்டோபர்ல அரசாங்கமே ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 பாதைய அறிவிச்சு கைடோட கூட்டிட்டுப் போறாங்க, மலைக்குள்ள எடுக்கணும்னா அது நேர் வழி. ஆனா குரூப்போட நடக்கணும், நின்னு வெளிச்சத்துக்குக் காத்திருக்க முடியாது, எனக்கு அது ஒத்து வரல.

ஊட்டி, கொடைக்கானலுக்கு சொந்த வண்டில போனா 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் எடுக்கணும், கவர்ன்மென்ட் பஸ்ல போனா அந்தத் தொல்லையே இல்ல. தொல்லியல் துறை இடங்கள்ல, செஞ்சிக் கோட்டை மாதிரி, கைல கேமரா ஓகே, ஸ்டாண்டு விரிக்க தனியா அனுமதி வாங்கணும். அணை மேல கேமராவ எடுக்கவே எடுக்காதீங்க. தனுஷ்கோடில சாயங்காலம் இருட்டறதுக்குள்ள வெளிய அனுப்பிருவாங்க, 1964 புயல்ல இடிஞ்ச சர்ச்ச நட்சத்திரத்தோட எடுக்கணும்னு எனக்கும் ஆசைதான், ஆகாது. ட்ரோன் என்கிட்ட இல்ல, அந்தச் சத்தம் எனக்குப் புடிக்கல.

மழைல போவீங்களா?

மழைக்குத்தான் போவேன். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் வால்பாறை. ஆழியார்ல இருந்து 40 கொண்டை ஊசி, 9வதுல வரையாடு நிக்கும், மேல போகப் போக பஸ் ஜன்னல்ல மேகம் உள்ள வரும். தேயிலத் தோட்டம் வெயில்ல பாக்க பச்சை பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கும், மழை விட்ட அஞ்சாவது நிமிஷம் பாருங்க, சில்வர் ஓக் மரம் ஒண்ணொண்ணா பனிக்குள்ள இருந்து வெளிய வரும், பின்னாடி இருக்கற குப்பைய எல்லாம் மேகமே மறைச்சுரும். அட்டைக்கு துணில உப்பு முடிஞ்சு வச்சுக்கோங்க, கடிச்சுட்டு இருக்கும்போது தொட்டா விழுந்துரும், அட்டைய பிச்சு எடுக்காதீங்க.

கேமராவுக்கு ஷவர் கேப்பு போதும், லாட்ஜ்ல குடுக்கறது. லென்ஸ் தொடைக்க பழைய காட்டன் பனியன், திருப்பூர்க்காரிக்கு அதுக்கா பஞ்சம். திரும்பி வந்ததும் எல்லாத்தையும் காய வச்சு, காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பால சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட போட்டு மூடிருங்க. பீரோல துணிக்கு நடுவுல வச்சா மூணு மாசத்துல ஃபங்கஸ், என் முதல் 18-55 அப்படித்தான் செத்துச்சு.

நட்சத்திரம், பால்வெளி எல்லாம் எங்க எடுக்கறது?

ஜவ்வாது மலை. காவலூர்ல வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கறதே அந்தப் பக்கம் வானம் இருட்டா இருக்குங்கறதுக்காகத்தான். பால்வெளி மார்ச்னா ராத்திரி 2 மணிக்கு மேல, மேன்னா 10, 11 மணிக்கே தென்கிழக்குல ஏறிரும், அமாவாசைய ஒட்டி ரெண்டு மூணு நாள். என்கிட்ட இருக்கற 10-18ல 10 எம்எம், 20 செகண்ட், ஐஎஸ்ஓ 3200ல ஆரம்பிச்சு ஏத்துவேன். அதுக்கு மேல ஷட்டர திறந்து வச்சா நட்சத்திரம் புள்ளியா இல்லாம கோடா இழுக்கும். தங்கற வீட்டு மாடியிலயே எடுங்க, ராத்திரி காட்டுக்குள்ள போகாதீங்க. அமாவாசை 11க்கும் 20க்கும் நடுவுல வந்தா எனக்கு அந்த மாசம் வானமே கெடையாது, ரிட்டர்ன்தான்.

எடிட் பண்ணுவீங்களா? அது சீட்டிங் இல்லையா?

பண்ணுவேன். ரா ஃபைல்ல எடுக்கறேன், கேமரா எதையும் மாத்தாம சேத்து வைக்கற ஃபைல், அது கரைக்காத மாவு மாதிரி, அப்படியே ஊத்த முடியாது. வெளிச்சம், நெறம், கான்ட்ராஸ்ட் தொடுவேன். இல்லாத நெலாவக் கொண்டு வந்து ஒட்ட மாட்டேன். கரன்ட் கம்பிய அழிப்பீங்களான்னு ஒரு தம்பி கேட்டான், அழிக்கறதில்ல, கம்பி இல்லாத ஊரு நம்ம நாட்டுல எங்க இருக்கு.

போட்டோவ வித்து சம்பாதிக்கலாமா?

நாலு வருஷத்துல மொத்தம் 61,000 ரூபா வந்துருக்கு, அதுல பாதி ஒரே ஒரு மில்லுக்கு காலண்டருக்குக் குடுத்தது. ஒரு பல் டாக்டர் மூணு படம் ஃபிரேம் போட்டு வாங்குனாரு, பல்லு புடுங்க உக்காந்திருக்கறவங்க பாக்கறதுக்கு. 24 மெகாபிக்சல்னா 20க்கு 13 இன்ச் வரைக்கும் 300 டிபிஐல, அதாவது இன்ச்சுக்கு 300 புள்ளி கணக்குல, தாராளமா பிரின்ட் வரும், அதுக்கு மேல தூரத்துல மாட்டறதுன்னா பெருசாவும் போடலாம். பஸ் காசு, லாட்ஜ் காசக் கணக்குப் போட்டா சுத்த நஷ்டம், அக்கவுண்டன்ட்டு சொல்றேன்.

தனியா போர் அடிக்காதா?

மூணாவது நாள் சாயங்காலம் அடிக்கும். எப்பவும் கரெக்டா மூணாவது நாள் சாயங்காலம். அப்ப கடைல உக்காந்து ரெண்டு பரோட்டா சாப்டுட்டு அம்மாவுக்கு போன் பண்ணுவேன், அவங்க சீரியல் கதைய முழுசா சொல்வாங்க. நாலாவது நாள் காலைல சரியாயிரும்.

அடுத்த ட்ரிப்புக்கு நானும் கூட வரலாமா?

இத இருபது பேரு கேட்டாச்சு. எங்க அக்கா ஒரு தடவ அடம் புடிச்சு உடுமலைக்கு வந்தா. டிபன் கேரியர்ல இட்லி, ஒரு சம்படத்துல முறுக்கு, ஒரு ஃபிளாஸ்க்கு. காலைல 5:30ல இருந்து பெரியம்மா பையன் சொத்துத் தகராறச் சொல்லிட்டே இருந்தா, நான் ம் ம்னுட்டே ஃபோகஸ் பண்றேன். சூரியன் மேல வந்த நேரம் பாத்து "ஏய் அங்க மயிலு"ன்னு ஃபிரேமுக்குள்ளயே ஓடிட்டா, காத்துல சேலை முந்தான ஒரு ஆள் உயரத்துக்குப் பறக்குது, பின்னாடி வரிசையா காத்தாடி. திட்டிக்கிட்டே அமுத்துனேன். பல் டாக்டர் வாங்குன மூணுல அது ஒண்ணு, காசுல பங்கு குடுன்னு இன்னும் கேட்டுட்டு இருக்கா.

இல்ல, நீங்க தனியாவே போயிட்டு வாங்க.